பேட்டரி இல்லாத வீட்டில் எரிந்த பல்பு

“என் வீட்டுல பொழுது சாஞ்சா லைட் எரியுது சார். யார் எரிய வைக்கறாங்கன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க.”

வந்தவர் இதைச் சொல்லிவிட்டு பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். கீழே மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் மாடியில் அந்த அறையில் இருந்த மேசை, டீ டம்ளர், துப்பறியும் ஆசாமி எல்லாமே லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன.

துப்பறியும் ஆசாமிக்குப் பெயர் மீட்டர். மின்சார ஆபீசில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தே தலை நரைத்தவர். ஆபீஸ் மாலை போட்டு அனுப்பிவைத்த பிறகும் அடுத்தவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. அதையே தொழிலாக வைத்துக்கொண்டார்.

அவர் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றவன் அவருடைய மனைவியின் தம்பி. நிலைப்படி எங்கே இருந்தாலும் அவன் நெற்றிக்கு அது தெரியும், அவ்வளவு உயரம். அதனால் அவன் பெயர் கம்பம். கட்டட வேலையில் மணல் சுமந்து சுமந்து தோள்பட்டை இறங்கிப்போனவன். “மாமா கூடப் போடா, துப்பறியறதுன்னா உக்காந்து யோசிக்கற வேலைதான்” என்று அக்கா சொன்னதை நம்பி வந்தான். யோசிப்பது மாமா, ஏணி தூக்குவது தான் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

“லைட் எரியலைன்னுதான் எல்லாரும் புகார் கொடுப்பாங்க,” என்றான் கம்பம். “எரியுதுன்னு புகார் கொடுத்த முதல் ஆள் நீங்கதான். போட்டோ எடுத்து மாட்டணும்.”

“மாப்ளே, சும்மா இரு.” மீட்டர் வந்தவரைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க. என்ன தொழில்?”

“லாரிக்குத் தார்ப்பாய் தைக்கறேன். வீடு, பஸ் திரும்புற இடத்துக்கும் அப்பால. செங்கல் சூளைப் பக்கம். அங்க கரண்டே கிடையாது. வீட்டுக்கு வீடு கூரை மேல சோலார் பேனல் வெச்சிருக்கோம். பகல்ல வெயில்ல பேட்டரி நிறையும். ராத்திரி அதுல லைட் எரியும்.”

“உங்க வீட்லயும் அப்படி எரியுது. அதுல என்ன குறை?”

“எங்க வீட்ல பேனல் இருக்கு சார். பேட்டரி இல்ல.”

கீழே மில் நின்றது. அரிசி தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் மில்லே காது கொடுத்துக் கேட்பதற்காக நின்ற மாதிரி இருந்தது.

“பகல்ல ஒரு சின்ன ஃபேன் ஓடும். செல்போன் சார்ஜ் ஏறும். இருட்டினா ஒண்ணும் கிடையாது. அப்படித்தான் இருந்துச்சு,” என்றார் தார்ப்பாய்க்காரர். “மழைக்காலத்துல ஒரு நாள் வேலை முடிஞ்சு வர்றேன், வீட்ல பல்பு எரியுது. என்னடின்னு கேட்டேன். இது புது தினுசு பல்பு, பகல்ல வெயிலைக் குடிச்சு வெச்சுக்கிட்டு ராத்திரி எரியும்னு என் பொண்டாட்டி சொன்னா.”

“நம்பிட்டீங்க.”

“கட்டின பொண்டாட்டியை நம்பாம? போன வாரம் அந்தப் பல்பு ஃப்யூஸ் ஆச்சு. கடைக்குப் போய், வெயில் குடிக்கற பல்பு ஒண்ணு கொடுப்பான்னு கேட்டேன். கடைக்காரன் உள்ள இருந்தவங்க எல்லாரையும் கூப்பிட்டு வரிசையா நிக்க வெச்சு, அண்ணே இன்னொரு தடவை சொல்லுங்கன்னான்.”

கம்பம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள்கள் குலுங்கியதை மறைக்க முடியவில்லை.

“சாதா பல்புதான் கொடுத்தான். கொண்டுவந்து மாட்டினேன். அதுவும் எரியுது.” அவர் குரல் தாழ்ந்தது. “அப்போ எவனோ பேட்டரி கொண்டுவந்து கொடுத்திருக்கான். வீடு பூரா தேடிட்டேன் சார். அரிசி டிரம், கட்டிலுக்கு அடி, பரண். சமையக்கட்டுத் தரையைக்கூட ஒரு மூலையில நோண்டிட்டேன். இல்ல.”

“யார் மேல சந்தேகம்?”

“பேனல் துடைக்க ஒரு சோலார் மெக்கானிக் வர்றான். நான் கூப்பிடலை. நான் வேலைக்குப் போன பிறகு வந்து துடைச்சிட்டுப் போறான்னு அக்கம்பக்கத்துல சொல்றாங்க. கூலி கேக்கறதில்லையாம். கூலி கேக்காம வேலை செய்யற ஆளை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?”

கம்பம் மாமாவை ஏற இறங்கப் பார்த்தான். “தினமும் கண்ணாடியில பாக்கறேன்,” என்றான்.

தார்ப்பாய்க்காரர் அதைக் காதில் வாங்கவில்லை. “அவகிட்ட கேட்டேன். வாயைத் திறக்கலை. அவ அண்ணனுங்களுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். சாயங்கால பஸ்ஸுல வர்றாங்க. அதுக்குள்ள பேட்டரி யாருதுன்னு தெரியணும். தெரியலைன்னா பெட்டியோட அவளை அனுப்பிடுவேன். திரும்பி வர வேண்டியதில்லை.”

மீட்டர் எழுந்து செருப்பைத் தேடினார்.

“மாப்ளே, ஏணியை எடு.”

*

ஊர் முடிகிற இடத்தில் பஸ் ஒரு வட்டமடித்து, தப்பித்தோம் என்று திரும்பிப் போய்விடும். அதற்கு அப்பால் தார் ரோடு மண்ணாகி, மண் புழுதியாகி, புழுதி செங்கல் நிறமாகிவிடும். சூளையிலிருந்து பறக்கிற செம்புழுதி தகரக் கூரைகள் மேல், காயப்போட்ட துணி மேல், குடிக்கிற டீயின் மேல் எல்லாம் ஒரே நீதியாகப் படிந்திருந்தது.

சந்து முனையில் டீக்கடைக்காரர் ஏணியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். “சார் எங்கேர்ந்து?”

“நான் மீட்டர். இவன் கம்பம்.”

டீக்கடைக்காரர் கடைக்குள் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்: “கரண்டுக்கு மனு கொடுத்தோமே, மீட்டரும் கம்பமும் வந்தாச்சு. ஒயர் மட்டும்தான் பாக்கி.”

கம்பத்துக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. ஏணி தோளை அறுத்துக்கொண்டிருந்ததால் நின்று பேச முடியவில்லை.

தார்ப்பாய்க்காரரின் வீடு ஒரு வீட்டில் பாதி. நீளமான தகரக் கூரையை நடுவில் கத்தி வைத்து வெட்டின மாதிரி ஒரு செங்கல் சுவர் போயிற்று. கூரைக்கும் மேலே ஒரு முழம் எழும்பி நின்றது. கம்பம் ஏணியைச் சாத்தி ஏறினான். மீட்டருக்கு முழங்கால் ஒத்துழைக்காது. அவர் கீழே நின்று யோசிப்பார்.

“என்ன தெரியுது மாப்ளே?”

“சந்து பூரா பேனல் தெரியுது மாமா. எல்லாம் செம்மண் பூசி அடுப்பு மாதிரி கிடக்கு. இது ஒண்ணு மட்டும் பளபளன்னு இருக்கு. முகம் பார்த்து சவரம் பண்ணலாம்.”

“பகல்ல ஃபேன் ஓடறதுக்கு இவ்வளவு துடைப்பு எதுக்கு?” என்று மீட்டர் தனக்குள் சொல்லிக்கொண்டார். “வேற?”

“சுவத்துக்கு அந்தப் பக்கக் கூரை மொட்டையா இருக்கு. பேனல் இல்ல. ஆனா கீழ குளிக்கற இடத்துல ஒரு பல்பு தொங்குது.”

“அந்தப் பக்கம் பாக்காதீங்க,” என்றார் தார்ப்பாய்க்காரர். சொல்லும்போதே முகத்தை எதிர்த் திசைக்குத் திருப்பிக்கொண்டார். பல நாள் பழகின திருப்பு அது.

“யார் வீடு?”

“தம்பின்னு ஒருத்தன் இருந்தான். கொத்தனார்.”

“இருந்தான்னா?”

“இருக்கான். நான் பேசறதில்ல. அவனும் பேசறதில்ல. அப்பா போன பிறகு பாகம் பிரிச்சோம். வீட்டை நடுவுல பிரிச்சோம். பாத்திரத்தை எண்ணிப் பிரிச்சோம். சோலார் செட்டு ஒண்ணுதான் இருந்துச்சு. எனக்குத்தான் வேணும்னு நான், அவனுக்குத்தான் வேணும்னு அவன். பெரிய மனுஷங்க உக்காந்து பேசி, பேனல் எனக்கு, பேட்டரியும் அதுக்கு சார்ஜ் ஏத்தற டப்பாவும் அவனுக்குன்னு தீர்ப்பு சொன்னாங்க.”

ஏணி மேலேயே கம்பத்துக்குக் கால் நின்றுவிட்டது. “பேனலை உங்களுக்கும் பேட்டரியை அவருக்குமா?”

“சரிபாதி.”

“பசுவைப் பிரிச்சா முன்பக்கம் ஒருத்தருக்கு, பின்பக்கம் ஒருத்தருக்கு. அந்தக் கணக்கு.”

“அவன் ஒரு நாள் வந்து, அண்ணே பேனலைக் கொடுன்னு கேப்பான்னு இருந்தேன்,” என்றார் தார்ப்பாய்க்காரர். “வரலை. நான் பேட்டரி கேப்பேன்னு அவன் இருந்திருப்பான். செத்தாலும் கேக்க மாட்டேன்.”

மீட்டர் வீட்டுக்குள் நுழைந்தார்.

உள்ளே தார்ப்பாய்க்காரரின் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். தகரப் பெட்டி கட்டி, பூட்டுப் போட்டு, மடிக்கு முன்னால் இருந்தது. அவள் முதுகு பாத்திர அலமாரியில் ஒட்டியிருந்தது. நெற்றி, கண், மூக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தன. அழுத முகம் இல்லை அது.

“வாங்க. தேட வந்தவங்களா? தேடுங்க. அடுப்புச் சாம்பலையும் ஒரு தரம் கிளறிடுங்க, அவர் அதை மட்டும்தான் விட்டு வெச்சிருக்கார்.”

“தேட வரலைம்மா,” என்றார் மீட்டர். “குடிக்கத் தண்ணி கிடைக்குமான்னு வந்தேன்.”

பானை வாசல் பக்கம் இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. “ஏங்க, சாருக்குத் தண்ணி மொண்டு கொடுங்க,” என்று வெளியே குரல் கொடுத்தாள். தார்ப்பாய்க்காரர் வந்து மொண்டு கொடுத்தார். செம்பைத் தேடுவதற்கு அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

கம்பம் நிமிர்ந்து பல்பைப் பார்த்தான். ஒயர் கூரைச் சட்டத்தோடு ஓடி, மூலையில் இறங்கி, பாத்திர அலமாரிக்குப் பின்னால் மறைந்தது. சுவரோடு சுவராகச் சுண்ணாம்பு அடித்திருந்ததால் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் மாமாவின் செருப்பு அவன் கால் விரலை மிதித்தது.

வெளியே வந்ததும் கம்பம் காலை உதறினான். “ஒயர் அலமாரிக்குப் பின்னாடி போகுது மாமா. நகர்த்திப் பாத்தா முடிஞ்சு போச்சு.”

“பாத்தேன். வீட்டை விட்டுப் போகப்போற பொம்பளை வாசல்ல உக்காருவா, இல்ல மூலையில சுருண்டு படுப்பா. இவ அலமாரிக்குக் காவல் உக்காந்திருக்கா. தன்னைக் காப்பாத்திக்கற ஆள் மாதிரி இல்ல மாப்ளே. வேற யாரையோ காப்பாத்தறா.”

“மெக்கானிக்கையா?”

“அதைத்தான் போய்க் கேப்போம்.”

“ஏணியும் வரணுமா?”

“இங்க விட்டா திருட்டுப் போயிடும்.”

*

சோலார் மெக்கானிக்கின் கடை ரோட்டோரத்தில் ஒரு தகரப் பெட்டி. செத்துப்போன பேட்டரிகளுக்கு நடுவில் அவன் ஒரு பேட்டரி மாதிரியே குட்டையாக, கறுப்பாக உட்கார்ந்திருந்தான். தார்ப்பாய்க்காரர் என்ற சொல்லைக் கேட்டதும் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது.

“அந்தப் பேனலை ஏன்பா சும்மா துடைக்கறே?” என்றார் மீட்டர்.

“தூசு சார்.”

“சந்து பூராத்தான் தூசு.”

“அது ஒண்ணுதான் என் கண்ல பட்டுது.”

“கண்ணையும் ஒரு தரம் துடைச்சுக்கோ,” என்றான் கம்பம்.

மீட்டர் மூலையில் இருந்த வெள்ளை கேனைத் தூக்கிப் பார்த்தார். “இது என்ன?”

“பேட்டரித் தண்ணி சார். அப்பப்போ ஊத்தணும். இல்லைன்னா உள்ள காஞ்சு போயிடும்.”

“எல்லா பேட்டரிக்குமா?”

“ஓடற பேட்டரிக்கெல்லாம். சார்ஜ் ஏற ஏறத் தண்ணி குறையும். சும்மா கிடக்கற பேட்டரிக்கு எதுக்கு?” தொழிலைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது.

“அந்தச் சந்துல யார் யார் வீட்டுக்கு ஊத்தறே?”

“டீக்கடை, தண்ணி லாரி டிரைவர் வீடு, கொத்தனார் வீடு...” என்று சொல்லிக்கொண்டே வந்தவன் சடாரென்று வாயை மூடிக்கொண்டான்.

“கொத்தனார் வீட்டுக் கூரை மொட்டையா இருக்குன்னு என் மாப்ளே பாத்துட்டு வந்தான்,” என்றார் மீட்டர் மெதுவாக. “பேனலே இல்லாத வீட்ல பேட்டரி எப்படிப்பா ஓடுது? அவங்க வெயிலைக் கையால அள்ளி ஊத்தறாங்களா?”

மெக்கானிக்கின் நெற்றியில் வேர்த்தது. “என்னை ஒண்ணும் கேக்காதீங்க சார். ஸ்க்ரூடிரைவர் மேல சத்தியம் பண்ணிருக்கேன்.”

“யார்கிட்ட?”

“ரெண்டு பேர்கிட்ட.”

“போதும்.”

“நான் ஒண்ணுமே சொல்லலியே சார்?”

“ஒண்ணும் சொல்லலை. சத்தியம் பத்திரமா இருக்கு. ஸ்க்ரூடிரைவரை எடுத்து வெச்சுக்கோ.”

*

கொத்தனார் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி, இடுப்பில் கைக்குழந்தையோடு கதவைத் திறந்தாள். அறை மூலையில் ஒரு போர்வை மூடிய குவியல் இருந்தது. அதன் மேல் குழந்தைத் துணிகள் மடித்து அடுக்கியிருந்தன.

“அது என்னம்மா?”

“துணி மூட்டை.”

மீட்டர் குனிந்து போர்வையின் ஓரத்தைத் தூக்கினார். உள்ளே ஒரு சின்ன டப்பாவில் பச்சை விளக்கு கண் சிமிட்டியது.

“நல்ல மூட்டை,” என்றான் கம்பம். “துணி சார்ஜ் ஏறிட்டிருக்கு.”

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சுவர் பேசியது.

“ஏய் சின்னவளே. அந்த ரெண்டு ஆளுங்களும் போயிட்டாங்களா? ஏணியைத் தூக்கிட்டு ஒரு பனைமரம் நடந்து போச்சே, கண்ணுல பட்டுச்சா?”

கம்பம் சுவரைப் பார்த்தான். தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், காலண்டர் ஒன்று தொங்கியது. மீட்டர் அதை ஒதுக்கினார். பின்னால் ஒரு குழாயின் வாய். அதற்குள் நாலைந்து ஒயர்கள். ஒயர்களுக்கு இடையில் இருந்த சந்தில் தார்ப்பாய்க்காரர் மனைவியின், அந்த வீட்டுப் பெரியவளின் குரல்.

“இங்கதான் இருக்கோம்மா,” என்றார் மீட்டர் குழாயில். “பனைமரமும் இருக்கு.”

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது.

“அவர் பக்கத்துல இருக்காரா?” என்று பெரியவள் கேட்டாள்.

“உங்க வீட்டுக்காரரா? பஸ் பாக்கப் போயிட்டார். பயப்படாம சொல்லுங்க.”

சொன்னார்கள். ஒருத்தி குழாய் வழியாக, ஒருத்தி நேரில். ஒருத்தி விட்ட இடத்தில் மற்றவள் எடுத்தாள். மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். கொத்தனார் வேலையிலிருந்து வரவில்லை. மண்ணெண்ணெய் விளக்கு காற்றில் சாய்ந்து தொட்டில் துணி பற்றிக்கொண்டது. சின்னவள் போட்ட சத்தம் குழாய் வழியாக நேரே பெரியவள் காதில் விழுந்தது. அவள் தெருவைச் சுற்றி ஓடிவந்து ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தாள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. தொட்டிலுக்குத்தான் ஒரு பக்கம் கருகியது.

“மறுநாளே மெக்கானிக்கைக் கூப்பிட்டோம்,” என்றாள் சின்னவள். “எங்க அக்கா வீட்டு வெயில் குழாய் வழியா இங்க வரும். பேட்டரியில ஏறும். சாயங்காலம் அதே குழாய் வழியா லைட்டா அங்க போகும். எங்க வீட்டுக்காரர்கிட்ட, மெக்கானிக் வாடகைக்குச் சார்ஜ் பண்ணித் தர்றான்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

“அதையும் நம்பிட்டாரா?”

“ஒண்ணுமே கேக்கலை.”

“அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே அச்சு,” என்றான் கம்பம். “நம்பறதுல.”

“உங்க பேர் கெடுதேம்மா,” என்று மீட்டர் குழாயில் சொன்னார். “சாயங்காலம் பெட்டியோட அனுப்பறேங்கறார். உள்ளதைச் சொல்லிட்டா என்ன?”

“சொன்னா ஒயரை அறுப்பார்,” என்றாள் பெரியவள். “தம்பி வீட்டு ஓசி எனக்கு வேணாம்னு இவர் அறுப்பார். அண்ணன் பிச்சை வேணாம்னு அவர் அறுப்பார். ரெண்டு பேருக்கும் ரோஷம் இருட்டுலயே நல்லாத் தெரியும். மறுபடி அந்தக் குழந்தை தலைமாட்டுல மண்ணெண்ணெய் விளக்கு வரும். அதுக்கு நான் எங்க அண்ணன் வீட்ல போய் இருந்துக்கறேன். என்மேல சந்தேகப்பட்டவருக்கு நான் எதுக்கு விளக்கம் சொல்லணும்?”

சின்னவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கம்பத்துக்கு நகைச்சுவை எதுவும் வரவில்லை. வராதது அவனுக்கே புதிதாக இருந்தது.

மீட்டர் விரலால் குழாயின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பூச்சு வழவழவென்று இருந்தது.

“இந்தக் குழாயை யார் வெச்சது?”

“அது முன்னாடியே இருந்துச்சு சார்,” என்றாள் சின்னவள். “காலண்டருக்குப் பின்னாடி எலிப்பொந்து மாதிரி இருந்துச்சு. எங்க அதிர்ஷ்டம்னு நினைச்சுக்கிட்டோம்.”

“சுவர் யார் கட்டினது?”

“எங்க வீட்டுக்காரர்தான். அண்ணன் மூஞ்சியைப் பாக்க மாட்டேன்னு கோவத்துல ஒரே ஆளா நின்னு கட்டினார். யாரையும் கல் எடுத்துக் கொடுக்கக்கூட விடலை.”

மீட்டர் காலண்டரைப் பழையபடி விட்டார். மெதுவாக விசிலடித்தார். ஆபீசில் வேலை பார்த்த காலத்திலேயே, மீட்டரில் யாராவது கைவைத்திருந்தால் அவர் அடிக்கிற விசில் அது என்று அக்கா சொல்லிக் கம்பம் கேட்டிருந்தான்.

“என்ன மாமா?”

“ஏணியை எடு. பஸ் வந்திருக்கும்.”

*

பெரியவளின் அண்ணன்மார் இரண்டு பேர். இரண்டு பேரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். சூளைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது. சந்தில் ஒவ்வொரு வீடாக விளக்கு வந்தது. தார்ப்பாய்க்காரரின் வீட்டிலும் பல்பு எரிந்தது. அதை அவர் தன்னை ஏமாற்றின ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“கண்டுபிடிச்சாச்சா சார்?”

“கண்டுபிடிச்சாச்சு,” என்றார் மீட்டர். “ஆனா நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. நீங்களே பாருங்க. மாப்ளே, அந்த அலமாரியை நகர்த்து.”

பெரியவள் எழுந்து நின்றாள். “சார்” என்றாள். அந்த ஒரு சொல்லில் குழந்தை, தொட்டில், மண்ணெண்ணெய் எல்லாம் இருந்தது.

“மாமா,” என்றான் கம்பம் தாழ்ந்த குரலில். “வேணாம். அறுத்துடுவார்.”

“நகர்த்து.”

கம்பம் நகர்த்தினான். ஒரு நாளில் ஏணி, அலமாரி என்று இரண்டையும் தூக்கியது ஒரு பக்கம் இருக்க, மாமா மேல் முதல் முறையாக அவனுக்கு உண்மையான கோபம் வந்தது.

சுண்ணாம்படித்த ஒயர் சுவரோடு இறங்கி, குழாய்க்குள் போவது எல்லோருக்கும் தெரிந்தது. தார்ப்பாய்க்காரர் ஒயரைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது அவர் மூளைக்கு வந்து சேரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. வந்து சேர்ந்ததும் முகம் செங்கல் நிறமானது.

“அவன் வீட்டு லைட்டா? அவன் லைட்டுலயா நான் இத்தனை நாள் சோறு தின்னேன்?”

“அவர் பாதி, நீங்க பாதி,” என்றார் மீட்டர். “சரிபாதி.”

தார்ப்பாய்க்காரர் பாய்ந்து ஒயரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். இணைப்பு பிய்ந்தது. வெறும் முனைகள் ஒன்றோடொன்று உரசின. படக்கென்று ஒரு பொறி.

வீடு இருண்டது. சுவருக்கு அந்தப் பக்கமும் இருண்டது.

பிறகு அந்தப் பக்கம் குளிக்கிற இடத்திலிருந்து, முகமெல்லாம் சோப்போடு ஒரு ஆள் போடுகிற குரல் வந்தது:

“அண்ணே, ஒயரை ஏன் இழுக்கறே? ஃப்யூஸ் போச்சு பாரு.”

தண்ணீர்க் குவளை தரையில் விழுகிற சத்தம் கேட்டது. சொன்னது என்ன என்று சொன்னவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

“உங்களுக்குத் தெரியுமா?” சின்னவளின் குரல். “ஒயர் போறது உங்களுக்குத் தெரியுமா?”

“பின்ன?” என்றார் கொத்தனார், ரோஷம் மாறாமல். “சுவத்துல குழாய் தானா முளைச்சுதா? கட்டும்போதே வெச்சது. என்னிக்காவது அண்ணன் ஒரு ஒயரை நீட்டுவார்னு வெச்சேன். அவர் எங்க நீட்டினார்? பொம்பளைங்க நீங்க நீட்டினீங்க. நான் தெரியாத மாதிரி இருந்துக்கிட்டேன்.”

இருட்டில் தார்ப்பாய்க்காரர் ஒயரும் கையுமாக நின்றார். அறுத்த கை. அந்தக் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தொண்டையை இரண்டு தரம் செருமினார். மச்சான்மார் இருவரும் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். கடைசியில், பாகம் பிரித்த நாளிலிருந்து பேசாத தம்பியிடம் அவர் பேசின முதல் பேச்சு இதுதான்:

“சோப்பைக் கழுவிட்டுப் பேசுடா. கண்ணு எரியும்.”

“ஃப்யூஸ் மாத்தறேன். நீ ஒயரை முறுக்கி வை. சிவப்பையும் கறுப்பையும் ஒண்ணா முறுக்கிடாதே.”

“எனக்குத் தெரியும், நீ சொல்ல வேணாம்.” அவருக்குத் தெரியாது. கம்பம்தான் செல்போன் வெளிச்சத்தில் முறுக்கிக் கொடுத்தான்.

பல்பு எரிந்தது. எரிந்த வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது, பெட்டியை எடுத்துத் தன் அண்ணன் கையில் கொடுத்துக்கொண்டிருந்த பெரியவள்.

“எங்க கிளம்பறே?” என்றார் தார்ப்பாய்க்காரர். “அதான் எல்லாம் தெரிஞ்சு போச்சே.”

“தெரிஞ்சது உங்களுக்கு. எனக்கு முன்னாடியே தெரியும்.” அவள் முந்தானையைச் சொருகிக்கொண்டாள். “பெட்டி கட்டியாச்சு. எங்க அண்ணனுங்க பஸ் ஏறி வந்தாச்சு. ஒருத்தன் பல்பு வாங்கப் போய் பொண்டாட்டியைச் சந்தேகப்பட்டான்னு ஊருக்கே தெரிஞ்சாச்சு. கொஞ்ச நாள் நான் உக்காந்து சாப்பிட்டுட்டு வர்றேன்.”

“அதுவரைக்கும் எனக்குச் சோறு?”

“குழாய் இருக்கே. கேளுங்க.”

அவள் போய்விட்டாள். அண்ணன்மார்கள் பெட்டியோடு பின்னால் போனார்கள். ஒருவன் வாசலில் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்து ஏதோ சொல்ல நினைத்து, சிரிப்பு வந்துவிடவே சொல்லாமல் போனான்.

தார்ப்பாய்க்காரர் மீட்டரை ஓரமாகக் கூப்பிட்டார். “சார், இது வெளிய போகக் கூடாது. யாராவது கேட்டா, கண்டுபிடிக்க முடியலைன்னு சொல்லிடுங்க.”

“அப்படியே சொல்லிடறேன்,” என்றார் மீட்டர்.

கம்பம் ஏணியோடு மாமாவுக்குப் பின்னால் சந்தில் நடந்தான். ஏணி தோளில் இடம் மாறி மாறி உட்கார்ந்தது.

“கட்டின பிறகு துளை போட்டா விளிம்பு உடைஞ்சிருக்கும், மாப்ளே,” என்றார் மீட்டர். “அது கட்டும்போதே வெச்சு, வாயைச் சுத்திப் பூசின குழாய். கோவத்துல சுவர் கட்டினவன் அவ்வளவு பொறுமையாப் பூசியிருந்தான்.”

“லைட் போனா தம்பிக்காரர் கத்துவார்னு கணக்குப் போட்டீங்க, சரி. அவர் அந்த நேரம் குளிக்கலைன்னா? வீட்லயே இல்லைன்னா?”

“கொத்து வேலை பாத்தவன் எப்போ குளிப்பான்னு உனக்குத் தெரியாதா?”

கம்பத்துக்குத் தெரியும். தோளில் மணல் அரித்த காலம் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்தால் முதல் வேலை அதுதான். “அப்போ நாம ஜெயிச்ச கேஸு, தோத்துப்போனதா ஆயிடுச்சு,” என்றான்.

“நம்ம தொழில்ல அதுவும் உண்டு.”

சந்து முனையில் கம்பம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். திறந்திருந்த கதவு வழியாக, எரிகிற பல்புக்குக் கீழே, பாத்திர அலமாரி இருந்த இடத்தில் தார்ப்பாய்க்காரர் குனிந்து நின்றுகொண்டிருந்தார். தெருவைச் சுற்றிப் போனால் பத்து எட்டுதான். அவர் குழாயில் வாயை வைத்து, தொண்டையைச் செருமி, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, மறுபடி குனிந்தார்.